முக்கால் அங்குலம்

டுலூத்தில் ஏரிவரை பனி இறங்கிவிட்ட நவம்பர்.
நிலவறையில் மண்டியிட்டிருக்கிறாள் லோர்னா பெட்ரோஸ்கி,
காதிடுக்கில் பென்சில்.
"அரை அங்குலக் குழாய் அடுப்புக்குப் போதும்.
தொட்டி இல்லாத ஹீட்டர் அப்படியில்லை,
குழாயைத் திறந்ததும் மடக்கென்று குடிக்கும்.
அந்நேரம் ஃபர்னஸும் எரிந்தால்
இரண்டில் ஒன்றுக்குத் திணறும்."

வெண்டல் தலையாட்டுகிறார்.
ஐந்து பேர் குளித்த வீடு.
கடைசி ஆள் எப்போதும் அவர்தான்,
எப்போதும் பச்சைத் தண்ணீர்தான்.
இன்று ஒருவருக்கு
பழைய தொட்டியே தாராளம்.
அதை அவர் சொல்லவில்லை.

மீட்டரிலிருந்து பதினெட்டு அடி
கறுப்பு இரும்பு, நான்கு எல்போ,
மரையெல்லாம் மஞ்சள் பசை.
துரு விழுந்து தங்க அடியில் ஒரு குட்டிக் குழாய்.
காற்றடைத்து மூடினாள். முள் பதினைந்தில்.
"கால் மணி நேரம். எதையும் தொடாதீர்கள்."

கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து
முள்ளையே பார்க்கிறார்கள் இருவரும்.
எரிவாயு நிறுத்திய வீடு,
வாய் திறந்தால் ஆவி.

முள் ஒரு மயிரிழை இறங்கியது.
மூன்றாவது எல்போவில் சோப்புத் தண்ணீர் தடவ
கடலையளவு ஒரு குமிழி
மெதுவாக உப்பியது.

"இதோ, இங்கே," ரெஞ்சை எடுத்தாள்.
"அப்படியானால் இன்னொரு கால் மணி,"
என்றார் வெண்டல்,
வாளியை விட்டு எழாமல்.