ஒரு கால்

உங்கள் முதல் வாகனத்தின் பெயர் என்ன?
வங்கியின் பாதுகாப்புக் கேள்வி கேட்கிறது.

பெயர் இருந்தது. நான் வைத்ததல்ல.
நீடாமங்கலம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில்
டோக்கனோடு யாரும் வராமல்
பதினோரு மாதம் கிடந்ததை
நூற்றெண்பது ரூபாய்க்கு அப்பா ஓட்டிவந்தபோதே
செயின் கவரில் மஞ்சள் எனாமலில் இருந்தது:
எம். சவரிராஜ், வடுவூர்.

"பச்சை பெயின்ட் மிச்சம் கெடக்கு, அடிச்சிடலாம்."
வேண்டாம் என்றேன்.
ஜகரத்தின் மேல் புள்ளியை
ஒரு பூவாகப் போட்டிருந்தான் எழுதியவன்.

பார் வைத்த ஆம்பளை சைக்கிள்.
ஏறுவதற்கு மதகுக்கட்டை வேண்டும்,
இறங்குவதற்குப் புல் தரை.
மன்னார்குடி கல்லூரியில் முதல் வாரமே
கூத்தாநல்லூர் மெஹராஜ் பேகம்
கரும்பலகைச் சாக்பீஸைக் கொண்டுவந்து
வ-வுக்கும் ரி-க்கும் இடுக்கில்
ஒரு கால் வரைந்தாள்.
சவாரிராஜ்.
மழை கழுவும். மறுநாள் மறுபடி வரைவாள்.
செங்கமலம் என்ற பெயர்
வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் ஆனது.

ஆடியில் மேலக்காற்று
வண்டியை வாய்க்கால் பக்கம் தள்ளும்;
காற்றின் மேல் சாய்ந்துகொண்டே
கால்குலஸ் ஃபார்முலா சொல்வேன்.
ஐப்பசியில் மட்கார்டுக்குள் வண்டல் இறுகி
சக்கரம் நின்றுவிடும்.
குச்சியால் நோண்ட வேண்டும், அதற்கென்றே
கேரியரில் ஒரு குச்சி இருந்தது.
தை மாதம் ரோடெல்லாம் கதிர்.
பஸ் மிதிக்கட்டும் என்று பரப்பியதன் மேல் நானும் மிதித்தேன்,
என் எடைக்கு எத்தனை நெல் உதிர்ந்ததோ.
வீடு வந்து சங்கிலியில் சுற்றிய வைக்கோலை உருவினால்
கைநிறைய வரும்.
பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி
சைக்கிள் மணிக்கே எழுந்து நிற்கும்.

ஒரு மாசி காலை, கேட் போட்டிருந்தது.
எங்கள் ஊர் கேட் போட்டால் போட்டதுதான்.
சரக்கு வண்டிக்கு என்ஜின் மாற்றுகிறார்கள்,
வெள்ளரிப்பிஞ்சுக் கூடை
பஸ் ஜன்னல் ஜன்னலாகப் போகிறது.
வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர்
குனிந்து செயின் கவரை வாசித்தார்,
வாய்விட்டு.
பிறகு சொன்னார்:
"இந்தக் கால் நான் போடல."

ரசீது இருக்கிறது, அப்பாவின் டிரங்குப் பெட்டியில்
என்று சொன்னேனா, நினைத்தேனா.
அவர் கேட்டது வேறு.
"ஒரே ஒரு ரவுண்டு?"

ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.
தண்டவாளத்தை ஒட்டிய மண்பாதையில் போனார்.
நாற்பது வயது ஆள், ஓர் இடத்தில்
இரண்டு கையையும் விட்டார்.
புளியமரத்துக்கு அப்பால் காணோம்.

கேட் திறந்தது.
பஸ்கள் போயின, நெல் லாரிகள் போயின,
கூடைக்காரி போனாள்.
டிபன் பாக்ஸை அணைத்துக்கொண்டு நான் நின்றேன்.
முதல் பீரியட் போயிற்று.
கேட் மறுபடி மூடியது.

அப்போது மணிச் சத்தம்.
எனக்குத் தெரிந்த மணி அது, டிரிங் என்று வராது,
டிரக் என்று ஒரு தொண்டைக்கட்டு.
இரண்டு டயரிலும் காற்று,
சங்கிலியில் எண்ணெய்ப் பளபளப்பு.
"முன் பிரேக்கை நம்பாதே. அப்பவே அப்டித்தான்."

"ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

அந்த நேரம் பார்த்து வந்தது ரயில்.
பதில் சொன்னார், நீளமாகவே சொன்னார்.
உதடு அசைந்ததைப் பார்த்தேன்.
கடைசிப் பெட்டி போனபோது
சீட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு
ஸ்டேஷன் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்.

கட்டம் காத்திருக்கிறது.
சவாரிராஜ் என்று அடிக்கிறேன்.

தவறான பதில்.

கணக்குத் தொடங்கிய அன்று
காலோடு எழுதினேனா,
கால் இல்லாமலா?

இன்னும் இரண்டு முயற்சிகள் உள்ளன
என்கிறது திரை.