எம், ஆர், பூச்சியம்

வலப்பக்க முன்சில்லுக்குப் பின்னால்
செசியில் குத்தியிருக்கிறது இலக்கம்.
சேறு வழித்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து,
தாளை ஒட்டிப் பென்சிலைச் சாய்த்து உரசினால்
எழுத்துகள் வெள்ளையாய் எழும்பி வரும்.
பதினேழு.
லீசிங் கொம்பனியில் எனக்குச் சம்பளம்
இந்தப் பதினேழுக்கும்தான்.

உள்துறைமுக வீதி, காலை பத்து மணி.
தார் இளகத் தொடங்கியிருந்தது.
ஹைலக்ஸ், டபிள் கப், வெள்ளை.
விற்க வந்தவர் கிண்ணியா நளீம்:
மீன், ஐஸ், இடைக்கிடை கலியாணச் சாமான்.
வாங்க வந்தவர் தம்பலகாமத்துக் குலவீரசிங்கம்:
நெல், உரம், ஒரு பிடிவாதம்.

"ஜப்பான்தானே?"
"ஜப்பான் கொம்பனிதான்" என்றார் நளீம்.
அந்தத் 'தான்'
கிண்ணியாவில் முன்பு ஓடிய மிதவைப் பாதை போல
ஆள் ஏறியதும் ஆடியது.

நான் தாளைத் தூக்கிப் பிடித்தேன்.
ஜப்பானென்றால் முதலெழுத்து ஜே.
இது எம். அடுத்தது ஆர். பிறகு ஒரு பூச்சியம்.
"தாய்லாந்து" என்றேன்.
நாலு லட்சம் கீழே விழுந்தது
ஒரு சத்தமும் இல்லாமல்.

குலவீரசிங்கம் கதவைத் திறந்து மூடினார்.
திரும்பவும் திறந்து மூடினார்.
"கேளுங்கோ பிள்ளை, தகரச் சத்தம்."
எனக்குக் கதவுச் சத்தம்தான் கேட்டது.
"ஜப்பான்காரன் ஆணி முறுக்கினா
முறுக்கினதுதான்."
நளீம் சொன்னார்:
"பத்து வருசமா ஓட்டுறன். ஆணி ஒண்டும் கழரல்ல.
நான்தான் கழண்டு போனன்."

குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன்.
பின்தட்டு முழுக்க வேறு தகரம்.
ஐஸ் உருகிய உப்புத்தண்ணி தின்றதைப்
பாலையூற்று ஜெஸிந்தன் ஒட்டிக் கொடுத்திருக்கிறான்.
அவனுடைய வெல்டிங்கை ஊரில் எவரும் அடையாளம் சொல்வார்கள்,
மண்புழுவாய் நெளியும்.
ஸ்பிரிங் தட்டு ஒன்று செத்துப்போன ஏதோ லொறியுடையது.
சீட்டுறை சீனன்குடாவில் ஒருத்தி தைத்தது,
பூப்போட்டது.
படிவத்தில் 'உற்பத்தி நாடு' என்று
ஒரேயொரு கட்டம். அதுவும் சின்னது.

இடக்கதவில் பெயின்ற்றுக்கு அடியில்
வெயில் சாய்ந்தால் மட்டும் தெரிகிற ஒரு வட்டம்:
சுனாமிக்கு வந்த ஏதோ நிறுவனத்தின் முத்திரை.
ஆண்டு இரண்டாயிரத்து ஐந்து.
தண்ணித் தாங்கியும் தறப்பாளும் ஏற்றிக்கொண்டு
நிலாவெளி, சல்லி, மூதூர் என்று
இது ஓடியதை நான் பார்த்திருக்கவும் கூடும்.
அப்போது எனக்கு ஒன்பது வயது.
வெள்ளை வண்டி வந்தால்
முகாமில் வரிசையில் நிற்க வேண்டும்.
அடுத்த வருசம்
வெள்ளை வண்டி வந்தால்
வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

அந்த அலை தாய்லாந்துக்கும் போனது.
அதே ஞாயிற்றுக்கிழமை.
எந்த ஊர்த் தொழிற்சாலை,
கடல் அங்கிருந்து எத்தனை கட்டை, தெரியாது.
ஆனால் இந்த எம்மையும் ஆரையும் குத்திய ஆளுக்குக்
கரையோரத்தில் ஒரு தங்கை இருந்திருக்கலாம்.
தேடிக் களைத்து, லீவு முடிந்து,
வேலைக்குத் திரும்பியிருக்கலாம்.
கை நடுங்கியிருக்கலாம்.

பூச்சியத்தை உற்றுப் பார்த்தேன்.
நடுக்கமில்லை.
இயந்திரம்தான் குத்தியிருக்கும்.

இருவரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.
மூன்றரை, ரெண்டு, ரெண்டேகால் என்று
குரல்கள் கடைக்குள்ளிருந்து வந்தன.
கட்டத்தில் 'தாய்லாந்து' என்று நிரப்பினேன்.
கீழே குறிப்பு என்ற இடத்தில்
'பின்தட்டு: திருகோணமலை' என்று எழுதினேன்.
மனேஜர் அதைச் சிவப்பால் வெட்டுவார், பரவாயில்லை.

திரும்பி வந்த குலவீரசிங்கம்
ஒரு காலை பின்தட்டில் வைத்து மோந்து பார்த்தார்.
"பிள்ளை, நெல்லில மீன் மணம் ஏறுமோ?"
ஏறும் என்றேன்.
அதற்கு மட்டும்
எந்த நாட்டையும் குறை சொல்ல முடியாது.