ஞாயிறு, ஆறரை முதல் ஏழு வரை

விழுந்தேன் என்று சொன்னால்கூட அதிகம்.
ரேலாவ் மார்க்கெட் வாசலில் ஈரச் சிமெண்டு,
கால் அரைச் சாண் வழுக்கியது,
கையை ஊன்றினேன். அவ்வளவுதான்.
கீரைக்கட்டு கசங்கவில்லை.
முட்டை ஒன்றுகூட உடையவில்லை.
மணிக்கட்டு உடைந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் தாதி கூப்பிட்டாள்:
"குணவாட்டி!"
குணவதி என்று நான் திருத்தவில்லை.
ஒரு கையை மறு கையில்
கைக்குழந்தைபோல் ஏந்தி நிற்பவளுக்கு
எந்தப் பெயரும் பொருந்தும்.
வீக்கத்தில் வளையல் இறங்க மறுத்தது,
கட்டர் கொண்டுவந்தார்கள்.
இருபத்தாறு வருடப் பொன் நறுக்கென்றது,
எலும்பைவிடச் சத்தமாக.

பிறகொரு நாள் மல்லாக்கப் படுக்கவைத்து
இடுப்பையும் முதுகுத்தண்டையும்
ஒரு கருவி மேலும் கீழும் நடந்து அளந்தது.
அந்த இளம் டாக்டர் திரையைப் பார்த்தாள்,
என் மாவுக்கட்டைப் பார்த்தாள்,
மறுபடி திரையை.
"அடர்த்தி நன்றாகத்தான் இருக்கிறது, ஆண்டி.
ஆனாலும் உடைந்திருக்கிறது.
சர்க்கரைக்காரர்களுக்கு இப்படி ஆவதுண்டு.
எண் பொய் சொல்லாது. எல்லாமும் சொல்லாது."

எனக்கு அது புரிந்தது.
பாயான் லெப்பாஸில் முப்பத்தோரு வருடம்
மைக்ரோஸ்கோப்பில் குனிந்து கிடந்தவள் நான்.
பாஸ், பாஸ், ரிஜெக்ட், பாஸ்.
எல்லா அளவும் சரியாக இருந்த பெட்டிகள்
ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்,
உள்ளே மயிரிழை விரிசலோடு.
மிஸ் ஊய் பெட்டியை மேசைமேல் வைத்துக் கேட்பாள்:
"யார் பாஸ் போட்டது?"

யார் போட்டது?
நாற்பத்தேழில், இரவு ஷிஃப்டில், அது நின்றது.
சனியன் விட்டது என்று
மீதியிருந்த பேட் பாக்கெட்டை
ரொஹானாவிடம் கொடுத்துவிட்டேன்.
தலைமுதல் கால்வரை மூடிய வெள்ளை உடைக்குள்
திடீர் திடீரென்று தீ மூளும்.
பதினெட்டு டிகிரிக் குளிரில் கண்ணாடி பனிக்கும்.
"காய்ச்சலா?" என்பாள் மிஸ் ஊய்.
இல்லை என்பேன்.
கூடவே இன்னொன்றும் நின்றுபோனதை
எனக்கே யாரும் சொல்லியிருக்கவில்லை.
எலும்புக்குக் காவல் இருந்த ஏதோ ஒன்று
கார்டைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தது.

நாலு வருடத்தில் சர்க்கரை வந்தது.
அன்றிலிருந்து கடையில் கோப்பி ஓ கோசோங்.
கோசோங் என்றால் வெறும்.
எதிரே அவர் கெட்டிப்பால் தேத்தண்ணீர் குடிப்பார்.
அவருக்கு ஐந்து புள்ளி ஒன்று, எப்போதும்.

கடலை உருண்டைக்குப் பாகு காய்ச்சியவளுக்குத் தெரியும்:
பதம் ஒரு நிமிடம் தாண்டினாலும்
பாகு கெட்டிதான், பளபளப்புத்தான்.
தட்டினால் டக்கென்று இரண்டாகும்.
வளைகிற குணம் போயிருக்கும்.
பதினொரு வருடமாய்
சின்னத் தீயில் யாரோ என்னை
வைத்து மறந்திருக்கிறார்கள்.

இப்போது வாரம் ஒரு மாத்திரை.
வெறும் வயிறு, ஒரு முழு டம்ளர் தண்ணீர்,
அரை மணி நேரம்
படுக்கக் கூடாது, குனியக் கூடாது.
முப்பத்தோரு வருடம் குனிந்தவளுக்கு
குனியாதே என்று ஒரு சீட்டு!

பதினோராம் மாடி நடைபாதையில் நிற்கிறேன்.
முதல் விமானம் தாழ்ந்து வருகிறது.
யாரோ நேற்றே துவைத்த யூனிஃபார்ம்
கம்பியில் இன்னும் ஈரமாக.
அவர் எழுந்து வந்து "பசிக்கலையா?" என்கிறார்.
பசிக்கிறது.
விரல்நுனி லேசாக நடுங்குகிறது.
பையில் ஒரு மிட்டாய் உண்டு,
சர்க்கரை இறங்கிவிட்டால் வாயில் போட.
பதினொரு வருடம் பயந்த பொருளை
பத்திரமாக வைத்திருக்கிறேன்.
இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

வெட்டிய வளையல் பிஸ்கட் டின்னில் கிடக்கிறது.
ஒட்டவைத்தால் தெரியாது என்கிறார் ஆசாரி.
எலும்பு தானாகவே ஒட்டிக்கொண்டது,
கொஞ்சம் கோணலாக.
கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
பாஸ் போட்டிருப்பேனா, தெரியவில்லை.

ஏழு.
கோப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன்.