முழுப்பேர்

முதல் வாரம் அதை அழுக்கென்று நினைத்து
ஈரத்துணியால் தேய்த்தேன்.
வலது கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும்
வெடிப்புக்குள் ஓடும் கறுப்பு.
துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.
தீட்டியவன் தெரிந்தேதான் வைத்திருக்கிறான்.

அப்புத்தளையில்
துரை பங்களா ஹோட்டலாகிவிட்டது.
மாடிப்படி திரும்புமிடத்தில் அவள்,
ஒசரி கட்டி,
இடுப்பில் கொசுவம் விசிறியாய் விரிய.
வேனில் வந்திறங்கும் வெள்ளைக்காரருக்கு
கைட் சொல்வார்:
கண்டியில் பெரிய குடும்பத்துப் பெண்,
கண்ணைப் பாருங்கள், என்ன சோகம்.
பார்ப்பார்கள்.
எனக்குத் தெரிந்து அந்தக் கண்ணில் இருப்பது
கால் மரத்துப்போன எரிச்சல்.

ஜன்னல் துடைக்கிற ஏணியை இழுத்துப் போட்டு
ஒரு நாள் நானும் சோமலதாவும் கிட்டப் போனோம்.
அவளுக்கு ஒசரி தெரியும், வெலிமடைக்காரி.
"இது தானாகக் கட்டியதில்லை.
ஊசி குத்தியிருக்கிற இடத்தைப் பார்,
அங்கே குத்தினால் குனிய முடியாது."

எனக்குத் தெரிந்தது நெற்றிக்கு மேலே.
வகிட்டைக் குறுக்கே வெட்டிப் போகிற
முடி தேய்ந்த கோடு,
கூடைக்கயிறு அழுத்துகிற இடம்.
மறைக்க ஒரு பூச் செருகியிருக்கிறார்கள்.
பூ சிறிசாய்ப் போய்விட்டது.

"தமிழா?" என்றாள்.
"கொழுந்து எடுத்தவள்" என்றேன்.
அவள் கேட்டது அதுவல்ல.

நான் தப்பாகவும் இருக்கலாம்.
கறுப்பு வெறும் நிழலாக இருக்கலாம்.
ஆனால் கல்யாண வீட்டுக்குப் புறப்படுமுன்
புளி போட்டுத் தேய்த்தும் போகாமல்
அம்மா முந்தானைக்குள் மடக்கிவைக்கிற விரல்
அதே விரல்.

கீழே பித்தளைத் தகட்டில்
தீட்டியவன் பேர், வருசம்,
பிறகு: மலைநாட்டுப் பெண், மரபுடையில்.
அவள் பேர் இல்லை.
அதுகூடப் போகட்டும்.
எனக்கு மற்றப் பேர்தான் தெரியவேண்டும்.
ஆடாமல் அசையாமல் நின்ற அந்த நாளுக்கு
செக்ரோலில் பேர் விழுந்ததா?
கூடை இல்லை, தராசு இல்லை,
ஒரு றாத்தல் கொழுந்து இல்லை.
கணக்கப்பிள்ளை என்ன எழுதியிருப்பார்?
அரைப்பேரா?
வரவில்லை என்று ஒரு கோடா?

என்ன முணுமுணுக்கிறாய் என்றாள் சோமலதா.
பேர் என்பதற்குச் சிங்களத்தில் "நம" என்றேன்.
பாதிதான் போய்ச் சேர்ந்தது.
"அதற்கென்ன, நாமே ஒன்று வைப்போம்" என்று
தகட்டை ஊதித் துடைத்தபடி
யோசிக்கத் தொடங்கினாள்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு
மணி எண்ணிக்கொண்டிருந்தேன்,
காலைப் பெரட்டிலிருந்து
ஓவியனுக்கு வெளிச்சம் போதாமல் போகிறவரை.