பதினேழாம் பெட்டி

விளையாட்டு அரங்கில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
காலை ஒன்பதுக்குப் பெட்டிகளைத் திறக்கிறார்கள்.
எண்ணுகிறவர்கள் அந்தப் பக்கம்.
கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
பலகையும் பென்சிலுமாக,
வேலிமேல் கழுத்து நீட்டும் மாடுகளைப்போல.

முடிவை அவர்கள் இரவுதான் சொல்வார்கள்.
எங்களுக்குப் பதினொரு மணிக்கே தெரிந்துவிடும்.
சீட்டு மல்லாந்து விழும் அந்த ஒரு நொடிக்குள்
ஒன்றாம் எண் யார் பெயருக்கு எதிரே என்று பார்த்து
ஒரு கோடு போடவேண்டும்.
நாலு கோடு, குறுக்கே ஐந்தாவது.
முப்பத்தொரு வருடமாகக் கட்சிக்கு என் கை செய்வது இதுதான்.

பதினேழாம் பெட்டி எங்கள் க்ளூனாவுடையது.
எண்பத்தாறு வாக்கு.
சீட்டில் பெயர் இருக்காது, எனக்கு அது தேவையும் இல்லை.
மல்ஹெர்ன் வீட்டில் ஐந்து, ஐந்தும் நமக்கு.
ஒரு படலைக்காக இருபது வருடம் பேசாத
ஸ்கேன்லன் அண்ணன் தம்பி,
வாக்கில் மட்டும் ஒரே வாய்.
காற்றாலை வேண்டாம் என்கிற நாலு பேர் சுயேச்சைக்கு.
நர்ஸ் டிம்ப்னா பசுமைக் கட்சிக்கு;
ஊசி போடுகிறவள், மன்னித்துவிட்டோம்.

"அவங்களுக்கு" ஒன்று.

அவங்கள் யாரென்று கேட்கிறீர்களா?
நூறு வருடம் முன்னால் எங்களோடு ஒரே படையில் இருந்து
ஒரு ஒப்பந்தத்தில் பிரிந்து
எங்களைச் சுட்டவர்கள். நாங்களும் சுட்டோம்.
இப்போது டப்ளினில் ஒரே மேசையில் உட்கார்ந்து
இரண்டு பேரும் ஆட்சி நடத்துகிறார்களாம்.
க்ளூனாவுக்கு இன்னும் அந்தச் சேதி வரவில்லை.

ஒவ்வொரு தேர்தலிலும் அந்த ஒன்று.
கில்ஹூலி வாத்தியார்தான் என்றோம்.
அவர் செத்தார், வாக்கு சாகவில்லை.
மாட்டு டாக்டர் என்றோம். அவர் ஆஸ்திரேலியா போனார்.
பிறகு தபால்காரி கன்செப்டா.
தேவாலய வாசலில் நின்று சத்தியம் செய்து அழுதாள்.
அதற்கப்புறம் அவளிடம் யாரும் முட்டை வாங்கவில்லை.
நானும்தான்.

இந்த முறை பதினோரு வேட்பாளர்கள், நீளமான சீட்டு.
விழுந்தது.
ஒன்று, லோர்கன் டான்ஸிக்கு.
கண் தானாகக் கீழே இறங்கியது:
இரண்டு, மூன்று... ஏழு.
ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.

இந்தப் பங்கில் ஏழை அப்படி எழுதுகிறவர் ஒரே ஆள்.
மான்ஹைமில் ஒன்பது வருடம் கட்டட வேலை பார்த்து
கொஞ்சம் பணமும் ஒரு கெட்ட முதுகும்
அந்த ஏழையும் கொண்டுவந்தவர்.
எங்கள் சமையலறைக் காலண்டரில்
சினைமாட்டுத் தேதிகளைப் பார்த்தாலே தெரியும்:
7, 17, 27, எல்லாவற்றுக்கும் இடுப்பில் கச்சை.

பென்சில் நின்றுவிட்டது.
"அட்ராக்டா, பார்த்தியா?" என்றான் பக்கத்தில் ஃபின்டன்.
பார்த்தேன்.
கோடு போட்டேன். அவங்களுக்கு, ஒன்று.
தப்பாக எண்ணுவது வேறு வகைப் பாவம்.

எந்தத் தேர்தலுக்கும் ஒரே காரில்தான் போனோம்.
வழி முழுக்க நான் பேசுவேன்,
சாலையைப் பார்த்துக்கொண்டே மாலகி "ம்" என்பார்.
அந்த "ம்"மை வாக்கென்று எண்ணிக்கொண்டது
நான்தான்.

ஏனென்று தெரியவில்லை.
ஒரு பிப்ரவரியில் எங்கள் பசு சாக்கடைப் பள்ளத்தில் விழுந்தபோது
ராத்திரி மூன்று மணிக்கு
பெரிய டான்ஸி டிராக்டரோடு வந்தான்.
யார் கூப்பிட்டது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.
அதுவாக இருக்கலாம்.
அதுவாக இல்லாமலும் இருக்கலாம்.

"யாருடா அந்த ஒருத்தன்?" என்று நம்ம ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.
"டன்ஃபி பங்களாவுக்குப் புதுசா வந்தவங்க," என்றேன்.
வாய் கூசவே இல்லை.

வீட்டில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:
"எப்படி?"
"க்ளூனா கெட்டியா இருக்கு."
"ம்."

நாளைக்குக் கன்செப்டாவிடம் போய்
ஒரு டஜன் முட்டை வாங்கவேண்டும்.