மீதி இரண்டு

ஒரு புட்டியில் பதினாறு மாத்திரைகள்.
பதினான்கு நாளைக்குப் பதினான்கு,
கைதவறி விழுந்தால் என்று இரண்டு கூடுதல்.
அவள் திருப்பித் தரும் புட்டியை
நீலத் தட்டில் கவிழ்த்து
தட்டைக் கத்தியால் தள்ளித் தள்ளி எண்ணுவது
என் வேலை.
மீதி இரண்டு இருக்க வேண்டும்.

ஔலு நகரம். ஜனவரி.
காலை பத்து மணிக்கும் ஜன்னலில்
விடிந்தும் விடியாத சாம்பல்.
படிவத்தில் அவளுக்குப் பெயரில்லை, முப்பத்தொன்று.
வாசலில் கோட்டைக் கழற்றும்போது மட்டும் மார்யுட்.
தபால் வண்டி ஓட்டுகிறாள்,
உறைந்த கடல்மேல் போகும் பனிச்சாலையில்
எதிர்த் தீவுக்கு.

அங்கே பயமாக இல்லையா என்றேன்.
படிவத்தில் இல்லாத கேள்வி அது.
"பனியில் என்ன பயம்?
தடிமன் அறுபது சென்டிமீட்டர்,
மூன்று டன் தாங்கும்,
பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள்.
அடுப்பை அணைத்தேனா என்பதற்குத்தான்
எங்கேயும் பலகை இல்லை."

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லையாம்.
இவள் மடி காலி.
மகன் போனை எடுக்காத பதினோரு நிமிடம்,
பல் டாக்டரின் கடித உறை,
சுவருக்கு அப்பால் யாரோ இருமுவது,
எதுவும் போதும்
வயிற்றில் புளியைக் கரைக்க.

நான்கு மருந்துகள் வந்து போயிருந்தன.
ஒன்று உடம்பைப் பெருக்கியது.
ஒன்று தூக்கத்தைக் கொடுத்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டது.
மூன்றாவது, அழுகையை எடுத்துக்கொண்டு
பயத்தை விட்டுவிட்டுப் போனது.
நான்காவதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

இது ஐந்தாவது. இன்னும் பெயர் வைக்காத பிள்ளை,
இரண்டு எழுத்தும் நான்கு எண்ணும்தான்.
அல்லது வெறும் மாவு.
எதுவென்று அவளுக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது. டாக்டர் கெயோவுக்கும் தெரியாது.
மூன்று பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு
ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம்.

கடந்த ஏழு நாளில், என்று தொடங்குவேன்,
பூஜ்யத்திலிருந்து நான்குவரை.
பதற்றம்? நான்கு.
தசை இறுக்கம்? மூன்று. இல்லை, நான்கு.
தூக்கம்? நான்கு.
ஆறாம் வாரம்,
தூக்கம்?
"இரண்டு" என்றாள்,
திருடியதை ஒப்புக்கொள்கிறவள் போல.
அன்று நாற்காலியில் ஒரு கையுறையை
மறந்துவிட்டுப் போனாள்.
கிளம்புமுன் மும்முறை பையைத் தடவிப் பார்ப்பவள்.
அதைத் தேடி வரவில்லை.
நான் எடுத்து மேசை அறைக்குள் வைத்தேன்
பத்திரமாக, ஏதோ ஆய்வு முடிவைப் போல.

எட்டாம் வாரம், மீதி இரண்டு.
பத்தாம் வாரமும் மீதி இரண்டு.
எழுதப் பேனாவைத் திறந்தேன்.
அவள் பையிலிருந்து
ஒரு இருமல் மிட்டாய் டப்பாவை எடுத்துத்
தட்டின் பக்கத்தில் வைத்தாள்.
உள்ளே ஒன்பது.

"மூன்று நாளுக்கு ஒன்று மிச்சம் பிடித்தேன்.
பன்னிரண்டாம் வாரம் தீர்ந்துபோகுமே.
அப்புறம்?"

பயம் திரும்பி வந்துவிடுமே என்ற பயத்தில்
பயத்துக்கான மருந்தை
விழுங்காமல் வைத்திருக்கிறாள்.
சிரிப்பதா என்று தெரியாமல் அவளைப் பார்த்தேன்.
அவளே சிரித்துவிட்டாள்.
பத்து வாரத்தில் அந்தப் பல்வரிசையை
இப்போதுதான் பார்க்கிறேன்.

விதி விதிதான்.
மீறல் படிவம், காரணம், ஒரு வரி இடம்.
'நோயின் தன்மை' என்று எழுதினேன்.
ஒற்றைக் கோட்டில் அடித்து, ஓரத்தில் என் சுருக்கொப்பம்.
'மறதி' என்று எழுதக் கை போனது. அது பொய்.
'சேமிப்பு' என்று எழுதினேன்.

விடை எங்கோ தூரத்தில்
பூட்டிய கணினி ஒன்றில் இருக்கிறது.
இலையுதிர் காலத்தில் திறப்பார்களாம்.
அதற்குள் பனிச்சாலை உருகிப்போகும்,
அவள் வண்டி படகில் ஏறும்.

கையுறையைக் கொடுத்து அனுப்பினேன்.
ஒன்பதையும் எண்ணி, மறுபடி எண்ணி,
உறையிலிட்டு ஒட்டினேன்.
விரல் நுனியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி.
இனிக்கிறதா என்று
நாக்கில் வைத்துப் பார்க்கலாம்.
யாருமில்லை.

குழாயைத் திறந்து
கழுவினேன்.