மூடாதே

பத்து மாவுங் மீன் கிடங்கில்
கணினித் திரையின் நெற்றியில்
செலோடேப் போட்டு ஒட்டிய ஒரு தாள்:
ஜாங்ஙான் துத்துப். அதன் கீழே தமிழில், மூடாதே.
மூன்று வருடம் அந்தத் தாளை நம்பித்தான்
நாற்பது டன் கெம்போங் உறைந்து கிடந்தது.

கறுப்பு ஜன்னல். வெள்ளை எழுத்து.
நிமிடத்துக்கு ஒரு வரி:
அறை இரண்டு, மைனஸ் பத்தொன்பது.
அறை மூன்று, மைனஸ் பத்தொன்பது.
நான் எழுதிய நிரல்தான், அவசரத்தில்.
யாராவது லாக் ஆஃப் செய்தால் செத்துப்போகும்.
தீபாவளிக்கு முதல் நாள் அப்படித்தான் செத்தது;
கணக்காளர் சுவா, நல்ல மனிதர்,
மின்சாரம் மிச்சம் பிடித்துவிட்டுப் போயிருந்தார்.
எழுநூறு கிலோ இறால்.

ஆகவே சர்வீஸாக மாற்றினேன்.
இனி ஜன்னல் வேண்டாம், ஆள் வேண்டாம்,
கணினி கண் விழிக்கும்போதே தானும் விழித்துக்கொள்ளும்.
சொல்வது சுலபம்.
முதல் தடவை எழுந்ததும் வீடு தெரியாமல் நின்றது:
பக்கத்திலேயே இருந்த கோப்பை
சிஸ்டம் முப்பத்திரண்டில் போய்த் தேடியிருக்கிறது.
இரண்டாம் தடவை,
இஸட் டிரைவா, அப்படி ஒன்று இல்லையே என்றது.
மூன்றாம் தடவை சத்தமே இல்லை.
ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது,
'தொடர ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும்.'
நானே எழுதிய வரி.
விசைப்பலகையும் விரலும் நுழைய முடியாத
பூஜ்யம் என்கிற அறையில் உட்கார்ந்து
மரியாதையாகக் காத்திருந்தது, பாவம்.

அந்த வரியை வெட்டினேன். ஓடியது.
தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு
இரண்டாம் பாலம் ஏறி வீட்டுக்குப் போனேன்.

இரவு இரண்டு பத்துக்குப் போன்.
காவலாளி வீரப்பெருமாள்.
"தங்கச்சி, அந்தக் கறுப்புப் பெட்டியைக் காணோம்லா."
ஓடுதுண்ணே. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.
"தெரியாம ஓடுறதுக்கும் ஓடாம கெடக்கிறதுக்கும்
எனக்கு என்னம்மா வித்தியாசம்?"
பதில் வரவில்லை.
கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தாராம்.
"குளுருதுதான்" என்றார், குறையாக.
மூன்று வருடமாக ராத்திரியில்
அந்த வரிகளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்;
எழுதியவளுக்கு எங்கே தெரியும்.

மறுநாள் இன்னொரு நிரல்.
அது எதையும் அளக்காது, யாரையும் எழுப்பாது.
பதிவுக் கோப்பின் கடைசி வரியை
கறுப்பில் வெள்ளையாகக் காட்டும், நிமிடத்துக்கு ஒன்று.
இதை மூடினாலும் பரவாயில்லை அண்ணே,
ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை போனபோது
திரையின் நெற்றியில் புதுத் தாள்.
அவர் கையெழுத்து.